வளைந்து நின்ற மைனர்: கொக்குவில் கராஜ் ஒன்றில் அடித்தளம் மாற்றிய நிகழ்வு ஆய்வு

கார்: 1959ஆம் ஆண்டின் மொறிஸ் மைனர் 1000. நான்கு கதவுகள், 948 சி.சி. எஞ்சின். உரிமையாளர் வேலணையைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர். கராஜில் எல்லோரும் அவரை மாஸ்டர் என்றே அழைப்போம். தகப்பன் வாங்கிய காரை இன்னமும் தானே ஓட்டுகிறார். அவர் சொன்ன குறை சிறியது: சாரதியின் காலடியில் ஓர் ஓட்டை, மழைக்குத் தண்ணீர் தெறிக்கிறது. "ஒரு தகரத்தை வைத்து ஒட்டிவிட்டால் போதும், தம்பி" என்றார். இடப்பக்க முன்கதவு பூட்டுவதற்குக் கொஞ்சம் இறுக்கம் என்பதையும் திறப்பைக் கையில் தரும்போது சொல்லிவைத்தார்.

வேலையின் பெரும்பகுதி அந்தக் கதவைப் பற்றியதாகவே முடிந்தது. ஓட்டை வெறும் கறள். கதவு இறுகுவது, கார் நடுவில் தொய்ந்துவிட்டது என்பதற்கான அடையாளம். தொய்ந்த காரில் எவ்வளவு நல்ல தகட்டை வைத்து எவ்வளவு அழகாக ஒட்டினாலும், அந்தத் தொய்வைத்தான் நிரந்தரமாக்குகிறோம்.

கார்த் தகடுகளை வெட்டி ஒட்டிச் சீராக்கும் டிங்கர் வேலையில் யாழ்ப்பாணத்துக் கைப்பழக்கம் பெரும்பாலும் ஒஸ்ரின் ஏ40இல் வளர்ந்தது. அதிலும் 1952 முதல் 1954 வரை வந்த சமர்செற் மாதிரியில் உடல் வேறு, சாசி வேறு. தளத் தகடு முழுவதையும் கழற்றி எறிந்தாலும் கீழே உருக்குச் சட்டம் நேராகக் கிடக்கும். மைனர் அப்படியல்ல. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வெளிவந்த இந்தக் காருக்குத் தனிச் சாசி கிடையாது. முன்னால் எஞ்சினைத் தாங்கும் இரண்டு சட்டங்கள் முன் இருக்கைக்குக் கீழேயுள்ள குறுக்குச் சட்டத்தோடு முடிந்துவிடும். அதற்குப் பின்னால் காரின் நீளத்தைத் தாங்குவது தளமும், கதவுகளுக்குக் கீழே ஓடும் படிப்பெட்டிகளும், நடுவிலுள்ள கியர்ப்பெட்டி மேடும்தான். உட்தட்டை உருவிய தீப்பெட்டியை அழுத்தினால் என்ன ஆகுமோ, தளமும் படிப்பெட்டியும் கறள் தின்ற மைனருக்கும் அதுதான் ஆகும்.

வரலாறு, சுருக்கமாக

1990க்குப் பின் போர்க்காலத் தடையால் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குள் பெற்றோல் வருவது நின்றது. பற்றரி, இரும்பு, சீமெந்து எல்லாம் தடைப்பட்டியலில் இருந்தன. காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினைக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டியது அந்தக் காலத்துக் கதை. அழுத்த விகிதம் குறைந்த பழைய பிரிட்டிஷ் எஞ்சின்கள் அதைப் பொறுத்துக்கொண்டன. இந்தக் காரும் அப்படித்தான் ஓடியது. 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் நாவற்குழிப் பாதையால் தென்மராட்சிக்குப் போய், பிறகு திரும்பியும் வந்தது. அந்த ஆண்டுகளில் இதன் அடியில் மூன்று பேராவது வேலை செய்திருக்கிறார்கள் என்பது ஒட்டுகளின் கைவரிசையிலேயே தெரிந்தது.

தகடு கிடைக்காத காலத்தில் அவர்கள் பயன்படுத்தியது எண்ணெய்ப் பீப்பாய். ஒரு துண்டில் பீப்பாயின் உருட்டு வரம்பு அப்படியே இருந்தது. பித்தளைக் கம்பி உருக்கி ஒட்டி, மேலே தார் பூசியிருந்தார்கள். மாஸ்டரின் காரில் இன்னமும் சிங்கள 'ஸ்ரீ' எழுத்துள்ள இலக்கத் தகடுதான். 1957–58இல் வடக்கில் எதிர்ப்பாகத் தார் பூசப்பட்டது அந்த எழுத்தின் மேல். இந்தக் காருக்கு அது அடிவயிற்றில் வந்து சேர்ந்தது. இந்த ஒட்டுகளைப் பார்த்துச் சிரிக்கும் இளைஞர்கள் எங்கள் கராஜிலும் உண்டு. பீப்பாய்த் தகடு ஏறத்தாழ மைனரின் தளத் தகட்டின் தடிப்புத்தான். அன்றைக்கு அதைவிட நல்ல தேர்வு இந்த மண்ணில் இருக்கவில்லை. என்னுடைய குறை ஒரே ஓர் ஒட்டின் மேல் மட்டும். அது பின்னால் வருகிறது.

சோதனை

தாரை விறாண்டி எடுப்பதற்கே நிறைய நேரம் போனது. பிறகு கையிலெடுத்தது சிறு சுத்தியலும் பழைய திருப்புளியும் காந்தமும். நல்ல தகடு தட்டும்போது கணீரென்று சொல்லும். கறள் தின்றது மொட்டையாகச் சத்தமிடும். பள்ளம் நிரப்பப் பூசும் புட்டிப் பசையில் காந்தம் ஒட்டாது.

வலப்பக்கத் தளம் சாரதியின் குதிகால் வைக்கும் இடத்திலிருந்து குறுக்குச் சட்டம் வரை போயிருந்தது. தண்ணீரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. மைனரின் பிரதான பிரேக் சிலிண்டர் சாரதியின் காலுக்குக் கீழே வலப்பக்க முன் சட்டத்துக்குள் இருக்கிறது. தளத்திலுள்ள மூடியைக் கழற்றித்தான் அதற்கு ஒயில் விட வேண்டும். விடும்போது சிந்தும், ரப்பர் தேய்ந்தால் ஒழுகும். பிரேக் ஒயில் பெயின்ரைத் தின்னும். பெயின்ர் போன தகட்டில், வேலணைக்குப் போகும் வழியிலுள்ள பண்ணைப் பாலத்து உப்புக்காற்று மிச்ச வேலையைச் செய்யும். இதற்கு நேர்மாறாக, எஞ்சின் ஒயில் ஒழுகி ஊறிய கியர்ப்பெட்டி மேட்டின் கீழ்ப்பக்கம் தொழிற்சாலையிலிருந்து வந்த நாள்போலக் கிடந்தது. மைனரின் ஒயில் ஒழுக்கை எவ்வளவு திட்டினாலும் அது செய்த நன்மை இது.

இடப்பக்கத் தளத்தில் பின் இருக்கையில் இருப்பவர் கால் வைக்கும் இடம் மட்டும் அரித்திருந்தது. படிப்பெட்டியோ வெளியில் வழுவழுப்பாக இருந்தது. காந்தம் வைத்தால் பாதி நீளத்துக்குப் பிடிக்கவில்லை. புட்டியைக் கிளப்பியபோது பழைய பெட்டியின் கறளைக்கூட எடுக்காமல் அதன்மேலேயே இன்னொரு தகட்டைப் போர்த்தி, நீளத்துக்கு ஒட்டியிருந்தது வெளிவந்தது. நான் குறை சொல்வது இதைத்தான். மின்வெல்டிங் தடம் என்பதால் இது மின்சாரமில்லாத தடைக்காலத்து வேலை அல்ல, தகடு கிடைக்கத் தொடங்கிய பிறகு செய்தது.

கதவு இடைவெளிகளை அளந்தோம். இடப்பக்க முன்கதவின் பின்விளிம்பில், மேலே 2 மி.மீ., கீழே 11 மி.மீ. வலப்பக்கத்தில் மேலும் கீழும் 5க்கும் 6க்கும் இடையில். கதவு வாசலின் இரண்டு மூலைவிட்டங்களையும் தடியில் குறித்து ஒப்பிட்டபோதும் அதே கதை. இரண்டு முனைகளில் சில்லுகள் தாங்க, நடு இறங்கினால், மேல்விளிம்பு நெருங்கும், கீழ்விளிம்பு விரியும். முன்பு வேலை செய்தவர் காரை நான்கு சில்லில் நிற்கவிட்டுக்கொண்டே படிப்பெட்டியை வெட்டியிருக்கிறார். கார் இறங்கிவிட்டது. இறங்கிய இடத்திலேயே தகட்டைப் போர்த்தி ஒட்டிவிட்டார். கதவு பூட்டவில்லை என்றதும் கதவைச் சுத்தியலால் பணியவைத்திருக்கிறார். மேல்மூலையில் அந்தத் தட்டலின் தழும்பு இருந்தது.

வலப்பக்கப் படிப்பெட்டியின் கீழ்விளிம்பு கறளில் போயிருந்தாலும், அதில் எவரும் கைவைக்கவில்லை, அளவு கெடவில்லை. ஆகவே இந்தக் காருக்கு வலப்பக்கமே அளவுகோல். அதைத் தொடுவதற்கு முன் இடப்பக்கம் முழுவதையும் முடிக்க வேண்டும் என்பது அப்போதே முடிவானது. கறள் அதிகமாகக் கண்ணில் படுகிற வலப்பக்கத்தில் தொடங்கவே கை துடிக்கும். தொடங்கியிருந்தால் காரில் நேரான பக்கம் ஒன்றும் மிஞ்சியிருக்காது.

தகடுகள்

தளத் தகடு இரண்டும் படிப்பெட்டித் தகடுகளும் ஆயத்தமாக வாங்கினோம். மாஸ்டரின் மகள் இலண்டனிலிருந்து அனுப்புவதாகச் சொன்னார். ஆனால் மைனருக்கான தகடுகளைத் தென்னிலங்கையில் செய்து பிரிட்டனுக்கே அனுப்பும் தொழில் 1990களின் தொடக்கத்திலேயே ஆரம்பமாகிவிட்டது. கடல் கடந்து சுற்றிவர அவசியமில்லை. ஆயத்தத் தகட்டின் முக்கிய நன்மை அதில் அழுத்திய வரம்புகள். தட்டையான தகட்டைத் தளமாக ஒட்டினால் காலை வைக்கும்போதெல்லாம் புடைத்துப் புடைத்து ஒலிக்கும். வரம்பு அதைத் தடுக்கும். குறுக்குச் சட்டத்தின் முனைகளை மட்டும் இங்கேயே 1.6 மி.மீ. தகட்டில் மடித்துச் செய்தோம். அந்த முனை நேர்கோடும் செங்கோணமும் மட்டுமே கொண்டது, தகடு மடிக்கும் இயந்திரம் உள்ள எந்தப் பட்டறையும் செய்து தரும்.

மாஸ்டருக்குச் செலவைச் சொன்னபோது சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "வேறு கார் வாங்கலாமா என்று யோசித்தேன். இந்த விலைக்கு இப்போது முச்சக்கர வண்டியும் வராது" என்றார். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்ற பிறகு பழைய கார்களின் விலை ஏறிய ஏற்றம் அப்படி. எஞ்சின் அறைத் தடுப்பில் காரின் அடையாள இலக்கம் பொறித்த தகட்டையும் அதைச் சுற்றிய உருக்கையும் தொடமாட்டோம் என்று அவருக்குத் தனியாகச் சொன்னோம். அந்த இடம் மாறினால் பதிவுப் புத்தகம் வெறும் கடதாசி.

நிமிர்த்தல்

வழக்கமான அறிவுரை: வெட்டுவதற்கு முன் கதவு வாசலுக்குக் குறுக்கே சட்டம் கட்டு. சரியான அறிவுரைதான், கார் நேராக இருந்தால். எங்களுடையது வளைந்திருந்தது. வளைந்ததற்குச் சட்டம் கட்டினால் சட்டம் வளைவைத்தான் காவல் காக்கும். முதலில் நிமிர்த்த வேண்டும். நிமிர்த்த விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது பழைய போர்வைத் தகடு. அதைக் கழற்றினாலோ கார் இன்னும் இறங்கும்.

எங்கள் மூத்த டிங்கர் கண்ட வழி இது. முன்பின் அச்சுகளுக்கு அருகே காரைத் தாங்கியில் வைத்து, சமதள நீர்மட்டம் பார்த்தோம். எஞ்சினும் பெற்றோல் தாங்கியும் ஏற்கெனவே இறக்கியாகிவிட்டன. குறுக்குச் சட்டத்தின் இடமுனைக்குக் கீழே, கறளில்லாத இடமாகப் பார்த்து, பனஞ்சலாகைத் துண்டு வைத்து ஜக்கைத் தொட்டும் தொடாமலும் நிறுத்தினோம். பிறகு பழைய படிப்பெட்டியின் கீழ்விளிம்பில் மட்டும், 1 மி.மீ. வெட்டுத்தட்டால், சாண் இடைவெளியில் குறுக்குக் கீற்றுகள் போட்டோம். மேல்விளிம்பு வெட்டப்படவில்லை. ஜக்கை மெல்ல ஏற்றும்போது நடு உயர, கீழ்விளிம்பு குறுகியாக வேண்டும். கீற்றுகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வந்தன. அத்தனையும் மூடியும் போதவில்லை. அதே கீற்றுகளில் மறுபடி தட்டை ஓட்டி, மறுபடி ஏற்றினோம். ஒருவர் ஜக்கில், ஒருவர் மூலைவிட்டத் தடியில். மூலைவிட்டம் வலப்பக்கத்துக்குச் சமமான இடத்தையும் தாண்டி இரண்டு மில்லிமீற்றர் வரை ஏற்றினோம், ஜக்கைத் தளர்த்தினால் கொஞ்சம் திரும்ப இறங்கும் என்பதால்.

இரவு முழுவதும் அப்படியே விட்டு, காலையில் மறுபடி அளந்த பிறகே 25 மி.மீ. சதுரக் குழாயால் முன்தூணையும் நடுத்தூணையும் பிணைத்தோம். இடப்பக்கக் கதவு வாசலில் ஒன்று நேராக, ஒன்று மூலைக்கு. இரண்டு நடுத்தூண்களுக்கும் இடையில் காருக்குக் குறுக்கே ஒன்று. குழாயை வெல்டிங் செய்யாமல் பிணைச்சல் துளைகளில் ஆணி முடுக்கியது ஒரு காரணத்துக்காக: பின்னர் கதவை மாட்டிப் பார்க்க வேண்டும், குழாய் கழற்றிப் பூட்டக்கூடியதாக இருக்க வேண்டும்.

கார் நேராகியதும் கதவு பிழையாகிவிட்டது! முன்பு தட்டிப் பணியவைத்த மேல்மூலையில் இப்போது பெரிய இடைவெளி. அதைத் திரும்ப நிமிர்த்துவது கதவுக்குரிய வேலை, படிப்பெட்டிக்குரியதல்ல. மூலைவிட்டத்தை நம்பினோம், கதவைப் பிறகு பார்த்துக்கொண்டோம்.

வெட்டும் ஒட்டும்

குறுக்குச் சட்டத்தைத் தொடுவதற்கு முன் ஒன்று கட்டாயம். மைனரின் முன் சில்லுகளைத் தாங்குவது நீளவாட்டில் ஓடும் முறுக்குக் கம்பிகள். அவற்றின் பின்முனை இந்தக் குறுக்குச் சட்டத்தில்தான் பூட்டப்பட்டிருக்கிறது. விசையோடு இருக்கும் கம்பியைப் பிடித்திருக்கும் தகட்டை வெட்டுவது கையையும் காலையும் பணயம் வைப்பது. விசையை இறக்கிவிட்டே வெட்டினோம்.

படிப்பெட்டியின் வெளித்தகட்டை எடுத்ததும் உள்ளே செங்குத்தாக நிற்கும் நடுத்தகடு தெரிந்தது. அதன் கீழ்ப்பாதி பொடியாகக் கொட்டியது. கடையில் படிப்பெட்டி வாங்கப் போகிறவர்கள் வெளித்தகட்டை மட்டும் வாங்கி வருவார்கள்; பெட்டிக்குப் பலம் கொடுப்பது அந்த நடுத்தகடு. அது இல்லாமல் வெளித்தகடு வெறும் அலங்காரம்.

பித்தளைதான் அதிகம் பாடுபடுத்தியது. பழைய பித்தளை ஒட்டின் மேலோ அதன் ஓரத்திலோ மிக் வெல்டிங் (வாயுக் காப்புக்குள் கம்பியை உருக்கும் மின்வெல்டிங்) பிடித்தால் செப்பு உருகிக் கலந்து, ஒட்டு நுரைத்து, ஆறும்போது வெடிக்கும். அரைத்து எடுத்துவிட்டோம் என்று நினைத்த இடத்திலும் மஞ்சள் மினுக்கம் எஞ்சியிருக்கும். அதனால் பித்தளை தொட்ட விளிம்பு முழுவதையும் இரண்டு விரல் தூரம் தள்ளி நல்ல உருக்கில் வெட்டினோம். வெட்டிய ஓட்டை நினைத்ததைவிடப் பெரிதானது. நாகம் (துத்தநாகம்) பூசிய தகட்டுக்கும் இதே எச்சரிக்கை, வேறு காரணத்தால்: பூச்சை அரைக்காமல் ஒட்டினால் எழும் வெண்புகை இரவில் குளிர்காய்ச்சலாக வரும்.

நாங்கள் பிடித்தது 0.6 மி.மீ. கம்பியும் ஆகன்–காபனீரொட்சைட்டுக் கலவை வாயுவும். தனிக் காபனீரொட்சைட்டு மலிவு, ஆனால் மெல்லிய தகட்டில் பொறி அதிகம் தெறிக்கும், துளைத்துவிடவும் பார்க்கும். இன்னொரு கஷ்டம் சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று. எங்கள் கராஜ் தகரக் கூரை மட்டும் போட்ட திறந்த கொட்டில். காற்று வீசினால் வாயுக்குடை கலைந்து ஒட்டு முழுவதும் ஊசித்துளை. மூன்று பக்கமும் படங்கு கட்டி மறைத்தோம். வெயிலுக்குள் படங்குக் கூடாரத்தில் தோல் கையுறையோடு இருப்பது பற்றி எழுதாமல் விடுகிறேன். மாலையில் ஊரெல்லாம் விளக்குப் போடும் நேரத்தில் மின்னழுத்தம் இறங்குவதால், கட்டமைப்பு ஒட்டுகள் எல்லாம் பகலிலேயே.

தொழிற்சாலை புள்ளி வெல்டிங் செய்த விளிம்புகளில் நாங்கள் துளை ஒட்டுப் போட்டோம்: மேல்தகட்டில் 6 மி.மீ. துளை, துளைக்குத் துளை 30 மி.மீ., தகடுகளுக்கு இடையில் நாகப் பிறைமர், இறுக்கிப் பிடித்து, கீழ்த்தகட்டில் தீ தொடங்கித் துளையை நிரப்புதல். தகடு தகட்டோடு படியாமல் மயிரிழை இடைவெளி இருந்தாலும் மேலே அழகான பொட்டு விழும், கீழே ஒன்றும் பிடித்திருக்காது. தொடங்கும் முன் அதே தடிப்புள்ள துண்டுகளில் ஒட்டி, உளியால் பிரித்துப் பார்த்தோம். கீழ்த்தகடு துண்டோடு கிழிந்து வந்தால் நல்ல ஒட்டு. வழுவழுப்பாகக் கழன்றால் மின்னோட்டம் போதாது.

தளத் தகட்டை முதலில் பொட்டுப் பொட்டாகப் பிடித்து, கதவை மாட்டி, இடைவெளி பார்த்து, பிறகே நிரப்பினோம். நிரப்புவதும் ஒரே ஓட்டமாக அல்ல. ஒரு மூலையில் விரலளவு, பிறகு எதிர்மூலையில் விரலளவு, கை வைக்கக்கூடிய சூட்டுக்கு ஆறும்வரை பொறுத்து அடுத்தது. ஆறும் ஒட்டு சுருங்கும். சுருங்கும்போது தன் பக்கம் இழுக்கும். எங்கள் மூத்த டிங்கர் காஸ் வெல்டிங்கில் வளர்ந்தவர். காஸ் ஒட்டு மெதுவானது, சுத்தியலுக்கு இணங்கும், மிக் ஒட்டு கண்ணாடிபோல் விறைக்கும் என்பது அவர் வாதம். மட்கார்டுக்கும் கதவுக்கும் அவர் சொல்வது சரி, கதவின் மேல்மூலையை அவர் காஸ் சூட்டில்தான் நிமிர்த்தினார். தளத்துக்குச் சரியல்ல. காஸ் பரப்பும் சூடு, ஓர் அடி அகலத் தகட்டை அலையாக்கிவிடும்.

தார் எரியும். உள்ளே எஞ்சிய பஞ்சும் எரியும். வெல்டிங் நடக்கும்போது மறுபக்கத்தில் வாளித் தண்ணீரோடு ஒருவர் இருந்தார்; அவருக்கு வேறு வேலை கொடுக்கவில்லை. இரண்டு தடவை அவர் தேவைப்பட்டார்.

இடப்பக்கம் முடிந்து, சட்டத்தைக் கழற்றாமலே, வலப்பக்கத்தை அதே ஒழுங்கில் செய்தோம். அங்கே சொல்ல அதிகமில்லை: நிமிர்த்த எதுவுமில்லை, பித்தளையும் இல்லை. பிரேக் சிலிண்டரின் மூடி இருந்த இடத்தில் புதுத் தளத்தின் துளை அரை அங்குலம் விலகியிருந்தது. துளையைப் பெரிதாக்கி மூடியை அகலமாகச் செய்தோம்.

பூச்சும் பிறகும்

மாஸ்டர் அடியில் தார் பூசச் சொன்னார். மறுத்தோம். தார் காலப்போக்கில் இறுகி வெடிக்கும். வெடிப்புக்குள் போன தண்ணீர் வெளியே வராது, கறள் மறைவில் வேலை செய்யும். இந்தக் காரின் தளமே அதற்குச் சாட்சி. இரண்டு கை பிறைமர், மூட்டுகளுக்கு மூட்டுப்பசை, அதன்மேல் இளகிய தன்மை மாறாத அடிப்பூச்சு. படிப்பெட்டிக்குள் நீண்ட குழாய் விட்டு மெழுகுப் பூச்சுத் தெளித்தோம். பெட்டியின் அடியிலுள்ள வடிதுளைகள் பூச்சில் அடைபடாமல் ஒவ்வொன்றாகக் கம்பி விட்டுப் பார்த்தோம். வடிதுளை அடைபட்ட படிப்பெட்டி தண்ணீர்த்தொட்டி.

ஜக்கையும் சட்டத்தையும் எடுத்து, எஞ்சினை ஏற்றி, சில்லில் நிறுத்தி அளந்தபோது இடப்பக்கக் கதவின் பின்விளிம்பில் மேலே 5, கீழே 6.5 மி.மீ. தூக்கிய மிகையில் பெரும்பகுதி திரும்ப இறங்கியிருந்தது, எதிர்பார்த்ததுபோல. வேலணைப் பாதையில் சில வாரங்கள் ஓடி வந்தபின் மறுபடி அளந்தோம், மாற்றமில்லை.

செய்யாமல் விட்டதும் உண்டு. பின் சில்லைத் தாங்கும் இடப்பக்க வில்லின் பின்முனை பிடிக்கும் தகடு மெலிந்திருக்கிறது, இன்னும் ஓட்டை விழவில்லை. மாஸ்டரின் கைக்காசு இந்த ஆண்டுக்கு அவ்வளவுதான். அந்த இடத்தைச் சுரண்டிச் சுத்தமாக்கி, வெள்ளைப் பெயின்ர் மட்டும் பூசிவிட்டிருக்கிறோம்; கறள் திரும்பினால் வெள்ளையில் முதலில் தெரியும். வாடை மழை முடிந்து தை மாதத்தில் காரைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறோம், அதைப் பார்க்கவும் வடிதுளைகளைக் குத்திவிடவும்.